ஓல்மெக் பெருந்தலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோ வளைகுடாக் கரையோரம், வெராகுரூஸ், தபாஸ்கோ மாநிலங்களின் ஈரநிலங்களில் கிடைத்த மூவாயிரம் ஆண்டுப் பழைய கல் தலைகளைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறோம். அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்களில் பலர் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். இந்தக் கற்களின் வரலாற்றில் பாதி பக்கவாட்டிலும் முதுகிலும்தான் இருக்கிறது. அதனால் விடைகளிலும் அவற்றுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

மொத்தம் எத்தனை தலைகள்? எவ்வளவு பெரியவை?

இதுவரை உறுதியானவை 17. சான் லொரென்சோவில் 10, லா வென்டாவில் 4, ட்ரெஸ் சபோட்டெஸில் 2, லா கொபாட்டாவில் 1. உயரத்தில் சிறியவற்றுள் ஒன்று ட்ரெஸ் சபோட்டெஸில் முதலில் கிடைத்த தலை: 1.47 மீட்டர், எடை 8 டன்னுக்குச் சற்றுக் குறைவு. பெரியது லா கொபாட்டா தலை: 3.4 மீட்டர் உயரம், சுமார் 40 டன். அது கண் மூடியபடி இருக்கிறது. வேலை முழுமை பெறாமல் நின்றுபோன கல் என்றே பலரும் கருதுகிறார்கள். நூல்களின் அட்டைகளில் அதிகம் காணப்படும் சான் லொரென்சோ 1-ஆம் தலை 2.84 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 25 டன் எடையும் கொண்டது.

உடல் எங்கே? முழுச் சிலையிலிருந்து உடைந்த தலைகளா இவை?

இல்லை. தலையாகவே செதுக்கித் தலையாகவே நிறுத்தப்பட்டவை. அடிப்பகுதியில் கழுத்து முறிந்த தடம் எதிலும் கிடையாது. தாடைக்குக் கீழே கல் நேராகத் தரையில் அமரும்படி முடிகிறது.

ஓல்மெக் என்பவர்கள் யார்? காலம் எது?

‘ஓல்மெக்’ என்பது அந்த மக்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்ல. அஸ்டெக்குகளின் நாவாட்டில் மொழியில் அதற்கு ‘ரப்பர் நாட்டார்’ என்று பொருள். அஸ்டெக்குகள் தங்கள் காலத்தில் வளைகுடாக் கரையில் வாழ்ந்தவர்களை அப்படி அழைத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் அந்தப் பெயரையே இந்தப் பழைய நாகரிகத்துக்கும் சூட்டிவிட்டார்கள்.

சான் லொரென்சோ தோராயமாக கி.மு. 1400 முதல் 1000 வரையும், லா வென்டா கி.மு. 900 முதல் 400 வரையும் ஓங்கி இருந்தன. தலைகளின் வயதைச் சொல்லும்போது எச்சரிக்கை வேண்டும். கல்லைக் கார்பன் முறையில் காலம் கணிக்க முடியாது. அதோடு சேர்ந்து புதைந்த கரித்துண்டையும் மண்ணடுக்கையும் வைத்துத்தான் கணிக்க வேண்டும். சான் லொரென்சோ தலைகளில் பல, மண் அரித்து ஓடைப் பள்ளங்களில் சரிந்து கிடந்தவை. ஆகவே அந்த ஊர் செழித்திருந்த காலத்தையே தலைகளின் காலமாகக் கொள்கிறோம். ‘கி.மு. 1172-ல் செதுக்கப்பட்டது’ என்பதுபோல் துல்லியமான ஆண்டு போட்ட பதிவு எங்காவது கண்ணில் பட்டால் நம்பாதீர்கள்.

எப்படி வெளியே வந்தன?

ஹோசே மரியா மெல்கார் 1862-ல் ட்ரெஸ் சபோட்டெஸுக்குப் போய் முதல் தலையைப் பார்த்து, 1869-ல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். அதன் பிறகு நெடுங்காலம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1938-லிருந்து மேத்யூ ஸ்டெர்லிங் நடத்திய அகழாய்வுகள்தான் ட்ரெஸ் சபோட்டெஸ், லா வென்டா, சான் லொரென்சோ என்று அடுத்தடுத்து தலைகளை வெளிக்கொண்டுவந்தன. 1960-களின் பிற்பாதியில் மைக்கேல் கோ குழுவினர் சான் லொரென்சோவில் காந்தமானியைப் பயன்படுத்தினார்கள். பசால்ட்டில் இரும்புக் கனிமம் இருப்பதால், மண்ணுக்குள் புதைந்த பெரிய கல் காந்தப்புலத்தில் ஒரு மேடாகத் தெரியும். 8-ஆம் தலை 1968-ல் அப்படித்தான் அகப்பட்டது. ஆன் சைஃபர்ஸ் தலைமையிலான ஆய்வில் 1994-ல் 10-ஆம் தலை கிடைத்தது.

எந்தக் கல்? நம்மூர்க் கருங்கல்லா?

அல்ல. தமிழில் கருங்கல் என்று பொதுவாகச் சொல்வது கிரானைட் வகைகளை. அவை பூமிக்கு அடியில் மெல்ல ஆறி இறுகியவை. ஓல்மெக் தலைகள் பசால்ட். எரிமலைக் குழம்பு வெளியே வழிந்து விரைவாக ஆறியதால் உண்டான, பொடி மணியுள்ள கறுஞ்சாம்பல் பாறை. கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.8 முதல் 3 டன் வரை கனக்கும்.

கல் வந்த இடம் துஸ்த்லா மலைத்தொடர். சான் லொரென்சோவுக்கும் லா வென்டாவுக்கும் போன கற்களில் பெரும்பங்கு செர்ரோ சின்தெபெக் மலைப்பகுதியைச் சேர்ந்தது என்பதைக் கல்லின் கனிமச் சேர்க்கை காட்டுகிறது. ட்ரெஸ் சபோட்டெஸ் தலைகள் இரண்டும் லா கொபாட்டா தலையும் எல் விஹியா மலைக் கல். இங்கே ஆப்பு அடித்துப் பாறையைப் பிளந்து எடுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. எரிமலைச் சேற்றோட்டம் உருட்டிக்கொண்டு வந்து போட்ட உருண்டைப் பாறைகள் மலைச்சரிவில் தானாகக் கிடந்தன. தலைகள் அத்தனை உருட்சியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரும்பு இல்லாமல் எப்படிச் செதுக்கினார்கள்?

உலோக உளி எதுவும் அவர்களிடம் இல்லை. கல்லைக் கல்லால்தான் வென்றார்கள். கருவித் தடங்களையும், யானோ டெல் ஹிகாரோ என்ற பட்டறைத் தலத்தில் பாதியில் விடப்பட்ட கற்களையும் வைத்துப் பார்த்தால் வேலை ஏறக்குறைய இந்த வரிசையில் போயிருக்கிறது.

முதலில் பாறையைத் தேர்ந்தெடுப்பது. குளிர்ந்தபோது விழுந்த விரிசல் உள்ளே இருந்தால், மாதக்கணக்கில் கொத்திய பிறகு ஒரே அடியில் கன்னம் பெயர்ந்து விழும். தட்டிப் பார்த்து ஓசையைக் கேட்பது உலகெங்கும் கல்வேலைக்காரர்களின் வழக்கம்: நல்ல கல் கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்ட கல்லில் அடைத்த ஓசை வரும்.

அடுத்தது பருவெட்டு. பாறையின் விளிம்பில் சாய்வாக ஓங்கி அடித்தால் சில்லு பெயரும். தேவையற்ற பெரும் பகுதியை இப்படி நீக்கிவிடுவார்கள். இதைக் கல் கிடைத்த இடத்திலேயே செய்வது அறிவுடைமை, ஏனென்றால் நீக்கும் ஒவ்வொரு டன்னும் இழுக்க வேண்டாத டன்.

பிறகுதான் நீண்ட வேலை: கொத்துதல். கைக்கு அடக்கமான கடினக் கல்லைச் செங்குத்தாகத் திரும்பத் திரும்ப அடிப்பது. சில்லு பெயராது, பட்ட இடத்தின் மணிகள் நொறுங்கி மாவாகும். அம்மிக்குக் கொத்துப் போட்டதுபோல் மேற்பரப்பு முழுக்கப் புள்ளிப் புள்ளியாக இருக்கும். கோணம் சற்றே சாய்ந்தாலும், விளிம்புக்கு மிக அருகில் அடித்தாலும் வேண்டாத துண்டு போய்விடும். கல்லில் ஒட்டுப்போட வழியில்லை. இதனால்தான் மூக்கு அகன்று முகத்தோடு ஒட்டியிருக்கிறது, காதுகள் தலையோடு படிந்திருக்கின்றன, உதடு ஒரே திரட்சியாக நிற்கிறது. மெல்லியதாகத் துருத்தும் எதையும் இந்த முறை தாங்காது.

நாசித் துளை, வாய்க்கோடி போன்ற ஆழமான இடங்களுக்குத் துளையிடும் முறை. நாணல் போன்ற உள்ளீடற்ற தண்டை ஈர மணலில் அழுத்திச் சுழற்றுவார்கள். அறுப்பது மணல், தண்டு அதைச் சுழற்றும் கருவி மட்டுமே. கடைசியில் மணலும் நீரும் இட்டுத் தேய்த்து மெருகேற்றுவது. முகம் நன்றாகத் தேய்க்கப்பட்டிருக்கும், தலைப்பாகையிலும் முதுகிலும் கொத்துத் தடம் தெரியும். சில தலைகளில் சிவப்பு வண்ணத்தின் எச்சமும் இருந்தது. ஆகவே இன்று நாம் பார்க்கும் சாம்பல் நிறம் அன்றைய தோற்றம் அல்ல.

25 டன் கல்லை 60 கிலோமீட்டர் தூரம் எப்படிக் கொண்டுவந்தார்கள்?

சின்தெபெக்கிலிருந்து சான் லொரென்சோ நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். லா வென்டா அதைவிடத் தொலைவு. பாரம் இழுக்க மாடு, குதிரை கிடையாது. சக்கர வண்டியும் கிடையாது. இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. எண்களைப் போட்டுப் பார்த்தால் இரண்டின் கடினமும் விளங்கும்.

தரைவழி: கல்லை மரச் சட்டத்தில் கட்டி, ஈரமாக்கிய பாதையில் இழுப்பதாகக் கொள்வோம். உராய்வு எடையில் பத்தில் மூன்று பங்கு என்றால் 25 டன்னுக்கு 7.5 டன் இழுவிசை வேண்டும். ஒருவர் தொடர்ந்து 25 கிலோ விசை கொடுப்பார் என்று வைத்தால் 300 பேர். பாதை பத்துக்கு ஒன்று என ஏறினால் இன்னும் 2.5 டன், அதாவது கூடுதலாக 100 பேர். சான் லொரென்சோ சமவெளிக்கு மேல் சுமார் 50 மீட்டர் உயர்ந்த மேட்டில் இருக்கிறது என்பதால் கடைசி ஏற்றம் தவிர்க்க முடியாதது. 300 பேரை நான்கு வடங்களுக்குப் பிரித்தால் ஒவ்வொரு வடமும் ஏறக்குறைய 1.9 டன் தாங்க வேண்டும். நார் முறுக்கில் ஒரு புரி விட்டாலும் பாரம் மற்ற மூன்றின் மீது விழும். மழைக்காலத்தில் இந்த வண்டல் நிலத்தில் சட்டம் புதைந்துபோகும். ஆகவே தரையில் இழுத்திருந்தால் கோடையில்தான்.

நீர்வழி: உலர்ந்த பால்சா மரம் கன மீட்டருக்கு 160 கிலோ என்று கொண்டால், ஒவ்வொரு கன மீட்டரும் 840 கிலோ சுமக்கும். 25 டன்னுக்கு 30 கன மீட்டர். 40 சென்டிமீட்டர் விட்டமும் 8 மீட்டர் நீளமும் உள்ள கட்டைகள் சுமார் 30. தெப்பம் நீர்மட்டத்தோடு மட்டமாக மிதப்பதற்கே இவ்வளவு. பச்சை மரம் இதைவிடப் பல மடங்கு கனக்கும், எனவே வெட்டி உலர வைக்க வேண்டும். ஆற்றில் நீர் நிறைந்திருக்கும் மாதங்களில்தான் ஆழம் போதும். தரைவழிக்கு வேண்டியது வறட்சி, நீர்வழிக்கு வேண்டியது வெள்ளம்! கல்லைத் தெப்பத்தில் ஏற்றுவதும் கரையேற்றுவதும் தனிச் சிக்கல். பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் தெப்பம் கவிழும். ஆறு இல்லாத இடங்களில் எப்படியும் இழுத்தே ஆக வேண்டும் என்பதால், நிலத்தில் இழுத்ததே பயணத்தின் பெரும்பகுதியாக இருந்திருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

பின்பக்கம் ஏன் தட்டையாக இருக்கிறது?

சுவரோரம் நிறுத்துவதற்காக என்று பலர் சொல்வார்கள். அதைவிடச் சுவையான விளக்கம் ஒன்று உண்டு. ஓல்மெக் மக்கள் பெரிய செவ்வகக் கற்களில் அரியணை செய்தார்கள். முன்பு அவற்றைப் பலிபீடம் என்று அழைத்தார்கள். 1973-ல் தொல்லியலாளர் டேவிட் குரோவ், ஒஸ்டோடிட்லான் குகை ஓவியத்தில் ஒருவர் அதே வடிவ இருக்கையில் அமர்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டி, இவை அரசர் அமர்ந்த இடம் என்று விளக்கினார். லா வென்டாவின் 4-ஆம் ‘பலிபீடம்’ நல்ல எடுத்துக்காட்டு: முன்புறம் ஒரு மாடம், அதற்குள்ளிருந்து ஓர் ஆள் வெளியே வருகிறார், கையில் கயிறு.

சான் லொரென்சோவின் 2, 7-ஆம் தலைகளின் பக்கவாட்டில் அப்படி ஒரு மாடத்தின் எச்சம் இன்னும் தெரிகிறது. அரியணையை நிமிர்த்தி நிறுத்தினால் அதன் முன்பக்க மாடம் தலையின் பக்கத்துக்கு வந்துவிடும், அகன்ற தட்டைப் பரப்பு முதுகாகும். ஜேம்ஸ் போர்ட்டர் 1989-ல் இதை விரிவாக எழுதினார். உயிரோடு இருந்தபோது அரசர் அமர்ந்த கல்லே, பின்னர் அவருடைய முகமாக மாற்றப்பட்டது என்பது அவருடைய வாதம். நேரடித் தடயம் உள்ளவை இந்த இரண்டு தலைகள்தான். பதினேழும் அரியணையாக இருந்தவை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சான் லொரென்சோவில் பழைய சிற்பங்களை உடைத்து மறுபடி பயன்படுத்திய பட்டறை ஒன்றும் தோண்டி எடுக்கப்பட்டிருக்கிறது. 60 கிலோமீட்டர் இழுத்து வந்த கல்லை யாரும் எளிதில் வீசிவிட மாட்டார்கள்.

எல்லா முதுகும் வெறுமையானது அல்ல. ட்ரெஸ் சபோட்டெஸின் இரண்டாம் தலைக்குப் பின்னால் நடந்துபோய்ப் பாருங்கள். பின்னல் பின்னலாகத் தொங்கும் முடி செதுக்கப்பட்டிருக்கிறது.

முகத்தில் உள்ள சிறு குழிகள் மழையால் உண்டானவையா?

சில அப்படி. பசால்ட்டில் வாயு அடைபட்டு உண்டான பொக்குகளும் உண்டு. அவை ஒழுங்கற்றவை, அளவு மாறுபடும். ஆனால் சான் லொரென்சோ 2-ஆம் தலையில் உள்ளவை போல ஒரே அளவில், வட்டமாக, வழவழப்பாக இருக்கும் கிண்ணக் குழிகள் மனிதக் கை வேலை. அவை செதுக்கி முடித்த மேற்பரப்பின் மீது, பிற்காலத்தில் இடப்பட்டவை. படையெடுப்பில் சிதைத்தார்கள் என்பது பழைய விளக்கம். ஆட்சி மாறும்போதோ அரசர் இறந்தபோதோ செய்த சடங்கு, புது வேலைக்குக் கல்லைத் தயார் செய்த முதற்கட்டம் என்பவை பின்னர் வந்த விளக்கங்கள். கோபத்தில் உடைப்பவர் மூக்கைத்தான் முதலில் குறிவைப்பார். பொறுமையாக உட்கார்ந்து வட்டக் குழிகள் கொத்துவதைச் சினத்தின் செயலாக எங்களால் பார்க்க முடியவில்லை.

இவை யாருடைய முகங்கள்?

அரசர்களின் உருவங்கள் என்பதே பரவலான கருத்து. பெயர் எழுதப்படவில்லை, ஆனால் ஒரு முகம் இன்னொன்றைப் போல இல்லை. லா வென்டாவின் ஒரு தலை பல் தெரியச் சிரிக்கிறது, மற்றொன்று முகம் சுளிக்கிறது. தலைப்பாகைதான் ஆளின் அடையாளமாக இருந்திருக்க வேண்டும். சான் லொரென்சோ 2-ஆம் தலையில் மூன்று பறவைத் தலைகள், 3-ஆம் தலையில் நெற்றிக்கு மேல் நான்கு கிடைக் கயிறுகள், 10-ஆம் தலையில் நெருக்கமாக அடுக்கிய சிறு வட்டக் கற்கள், லா வென்டா 4-ல் நகமுள்ள பாதங்கள். பந்தாட்டத் தலைக்கவசம் என்ற கருத்தும் உண்டு. ஆட்டம் அரசர்களின் சடங்கோடு பிணைந்திருந்ததால் இரண்டும் முரண்படுவதில்லை.

ஆப்பிரிக்கர்கள் வந்ததற்குச் சான்று என்கிறார்களே?

தொடங்கி வைத்தவர் மெல்கார்தான். 1869-லேயே ‘எத்தியோப்பிய’ முகம் என்று எழுதினார். அகன்ற மூக்கும் தடித்த உதடும் மட்டுமே அந்த வாதத்தின் அடிப்படை. ஓல்மெக் ஊர்களின் மண்ணடுக்குகளில் ஆப்பிரிக்கப் பாண்டமோ கருவியோ பயிரோ எதுவும் கிடைத்ததில்லை. அதே மூக்கும் உதடும் கொண்ட பழங்குடி மக்கள் இன்றும் வெராகுரூஸிலும் தபாஸ்கோவிலும் வாழ்கிறார்கள். கொத்தும் முறை மூக்கை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று மேலே சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மண்ணின் மக்கள் தம் கையால் செய்ததை வேறொருவர் கணக்கில் எழுதுவது அநீதி. இதை நாங்கள் அழுத்தமாகவே சொல்கிறோம்.

சிறிய பச்சைக் கல் உருவங்களும் இவர்களுடையவைதானா?

ஆம். மிகச் சிறந்தது 1955-ல் லா வென்டாவில் கிடைத்த 4-ஆம் படையல்: 16 ஆண் உருவங்களும் 6 கோடாரி வடிவக் கற்களும், நட்ட நிலையிலேயே. ஒன்று மட்டும் சொரசொரப்பான மட்டக் கல்லால் ஆனது. அது கோடாரிக் கற்களுக்கு முதுகு காட்டி நிற்க, ஜேடும் சர்ப்பென்டினும் ஆன மற்றவை அதைப் பார்த்து நிற்கின்றன. புதைத்துப் பல காலம் கழித்து, மேலிருந்து சரியாக அந்த இடத்தில் குழி தோண்டி, தலைகள் தெரியும் அளவுக்குத் திறந்து பார்த்து, மறுபடி மூடியிருக்கிறார்கள். இடத்தை எங்கோ குறித்து வைத்திருந்தார்கள் என்பது அந்தக் குழியிலேயே தெரிகிறது.

‘ஓல்மெக் ஜேட் சிலை’ விற்பனைக்கு வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் மெக்சிகோ சட்டப்படி தொல்பொருள்கள் நாட்டின் உடைமை. வெளியே எடுத்துச் செல்லத் தடை. உண்மையான பொருளென்றால் திருட்டுப் பொருளாக இருக்கும் வாய்ப்பு அதிகம், போலியென்றால் பணம் வீண். சால்காட்சிங்கோவிலிருந்து கடத்தப்பட்ட சுமார் ஒரு டன் எடையுள்ள 9-ஆம் சிற்பம் பல பத்தாண்டுகள் கழித்து, 2023-ல்தான் அமெரிக்காவிலிருந்து திரும்பியது.

வீட்டில் ஏற்கனவே இருப்பதன் கல்லை அறிய ஒரு எளிய சோதனை: காற்றில் எடை பாருங்கள், பிறகு நூலில் கட்டி நீரில் முழுக்க மூழ்கவைத்து எடை பாருங்கள். காற்று எடையை இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டால் வகுக்க வேண்டும். 330 கிராம் உள்ளது நீரில் 230 கிராம் காட்டினால் 330-ஐ 100-ஆல் வகுக்க 3.3 வரும்; அது ஜேடைட் என்ற ஜேட் வகையின் அடர்த்தி. 2.5 அல்லது 2.6 வந்தால் சர்ப்பென்டினாகவோ கண்ணாடியாகவோ இருக்கலாம். மேலே காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு குறைத்துக் காட்டும், விரலால் தடவி நீக்குங்கள். இந்தச் சோதனை கல்லின் வகையைச் சொல்லும், வயதைச் சொல்லாது.

தலைகளைத் தொடலாமா? சுத்தம் செய்வது எப்படி?

தொடாதீர்கள். தோலின் எண்ணெயும் உப்பும் நுண்துளைக்குள் இறங்கும். 2009-ல் லா வென்டா பூங்காவில் சிலர் சடங்கு என்று சொல்லி உப்பு நீர், திராட்சைச் சாறு, எண்ணெய் ஆகியவற்றைச் சிற்பங்கள் மீது ஊற்றினார்கள். இவற்றில் உப்பு மிகவும் கெட்டது: உலரும்போது படிகமாகிப் பருத்து, மேல்தோலை உள்ளிருந்து உரிக்கும். குழாய் நீரை அடித்துக் கழுவினால் இன்னும் உள்ளே போகும். வாலை வடித்த நீரில் நனைத்த காகிதக் கூழை அப்பி, அது உலரும்போது உப்பை உறிஞ்சவிட்டு எடுப்பதே பாதுகாப்பாளர்களின் முறை. பல சுற்று தேவைப்படும்.

எங்கே பார்க்கலாம்?

வாய்ப்பு ஒருமுறைதான் என்றால் ஹலாப்பா மானுடவியல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். சான் லொரென்சோவின் ஏழு தலைகள் அங்கே இருக்கின்றன. 2, 6-ஆம் தலைகள் மெக்சிகோ நகரத் தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தில். லா வென்டா தலைகள் வில்லாஹெர்மோசாவில் உள்ளன. எண்ணெய் எடுக்கும் பணிகளால் ஆபத்து வந்ததால், கவிஞர் கார்லோஸ் பெய்யிசேர் முயன்று சிற்பங்களை அங்கே கொண்டுவந்து 1958-ல் பூங்காவைத் திறந்தார். லா வென்டா தொல்லியல் தலத்தில் இப்போது நிற்பவை நகல்கள். லா கொபாட்டா தலை சாந்தியாகோ துஸ்த்லா ஊர்ச் சதுக்கத்தில் இருக்கிறது.

சிகாகோ, வாஷிங்டன், ஆஸ்டின், சான் பிரான்சிஸ்கோ நகரங்களில் நீங்கள் பார்த்தது ஹலாப்பாவின் சிற்பி இக்னாசியோ பெரெஸ் சொலானோ செய்த நகல்.

காலையிலோ மாலையிலோ போங்கள். சாய்ந்த வெயிலில்தான் கொத்துப் புள்ளிகளும் ஆழம் குறைந்த கோடுகளும் எழும். உச்சி வெயிலில் முகம் வெறும் பாறையாகத் தட்டையாகிவிடும். பிளாஷ் போட்டாலும் அதே கதிதான். 7-ஆம் தலை முன் நின்றால் முகத்தை விட்டு அதன் பக்கவாட்டுக்கு வந்து, பழைய மாடத்தின் வளைவு எங்கே தொடங்குகிறது என்று தேடுங்கள். நேரமும் வண்டியும் இருந்தால் சான் லொரென்சோவின் ஊர் அருங்காட்சியகம் வரை போகலாம். 10-ஆம் தலை மட்டும் வெளியூர் போகாமல் அங்கேயே இருக்கிறது.